இனக்குழுவை மொழிபெயர்த்தல்



ஒரு மொழியில் உள்ளதை மற்றொரு மொழியில் பெயர்த்தெழுதும் பயிற்சி பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. ஆங்கிலப் பத்தியைத் தமிழாக்குவதும், தமிழ்ப் பத்தியை ஆங்கிலமாக்குவதும் நீங்கள் நன்கு அறிந்தவை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது வேறொரு வகை மொழிபெயர்ப்பு. கணினிக்குக் கட்டளையிடப் பயன்படும் நிரலாக்க மொழிகள் பல. ஒன்றில் எழுதிய நிரலை மற்றொன்றுக்கு மாற்றும் வேலை உலகெங்கும் நாள்தோறும் நடந்துவருகிறது. அப்பெரிய வேலையில் ஒரு சிறு பகுதியை, அதாவது இனக்குழு ஒன்றை அறிவிக்கும் சில வரிகளை மொழிமாற்றுவதை மட்டும் இன்று ஆராய்வோம்.

வானொலியில் கரும்பலகை இல்லை. நிரல் வரிகளைக் கண்ணுக்குக் காட்ட வழியில்லை. அரைப்புள்ளியையும் அடைப்புக்குறியையும் ஒவ்வொன்றாக நான் ஒப்பிக்கத் தொடங்கினால் நீங்கள் வேறு நிலையத்தைத் திருப்பிவிடுவீர்கள். ஆகவே இன்றியமையாத இடத்தில் மட்டும் குறிகளைச் சொல்வேன். இன்னும் ஒன்று. 'கிளாஸ்' என்பதை நம் பாடநூல்கள் இனக்குழு என்றும், 'ஆப்ஜெக்ட்' என்பதைப் பொருள் என்றும் வழங்குகின்றன. சொல்லின் அர்த்தத்தையும் நாம் பொருள் என்றே சொல்லிப் பழகியவர்கள். இரண்டும் கலந்துவிடாதிருக்க, இப்பேச்சில் அர்த்தத்தைக் 'கருத்து' என்றே குறிப்பேன்.

வங்கிக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்கு எண், இருப்புத் தொகை ஆகிய தரவுகளும், பணம் செலுத்துதல், பணம் எடுத்தல், வட்டி கணக்கிடுதல் ஆகிய செயற்கூறுகளும் சேர்ந்து 'கணக்கு' என்னும் இனக்குழு ஆகும். அந்த வார்ப்பில் உருவாகும் ஒவ்வொருவரின் கணக்கும் ஒரு பொருள். 'சேமிப்புக் கணக்கு' என்பது அதன் வழித்தோன்றல். தாயிடமிருந்து எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டு, வட்டி கணக்கிடும் முறையை மட்டும் தனக்கேற்பத் திருத்திக்கொள்கிறது. இதுவே மரபுரிமம். இந்த உறவையும், யார் எதை அணுகலாம் என்னும் வரம்பையும் சொல்வதற்கு ஒவ்வொரு மொழியும் சில சிறப்புச்சொற்களை ஒதுக்கி வைத்திருக்கிறது.

இச்சொற்கள் எங்கிருந்து வந்தன? நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரில், நார்வேக் கணினி மையத்தில் பணியாற்றிய ஓலே யோஹான் டால், கிறிஸ்டன் நைகார்ட் என்னும் இருவர் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட சிமுலா 67 என்னும் மொழியே இவற்றுக்கு ஊற்றுக்கண். 'கிளாஸ்', 'நியூ', 'திஸ்', 'விர்ச்சுவல்' ஆகிய சொற்கள் அங்கே பிறந்து பிற மொழிகளுக்குப் பரவின. அம்மொழியில் சேயை அறிவிக்கும்போது தாயின் பெயரை முன்னே எழுதுவார்கள். நம் ஊரில் தந்தையின் முதலெழுத்தைப் பெயருக்கு முன்னே எழுதுவது போன்றதுதான். கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராயிருந்தபோது சிமுலாவைக் கையாண்ட பியர்னே ஸ்ட்ரூஸ்ட்ரூப் என்னும் டென்மார்க் நாட்டவர், 1979இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் சி மொழியோடு இனக்குழுவைச் சேர்க்கத் தொடங்கினார். அதுவே 1983இல் சி பிளஸ் பிளஸ் என்று பெயர் பெற்றது. 1995இல் சன் நிறுவனத்திலிருந்து ஜாவா வந்தது. மைக்ரோசாஃப்ட் 2000இல் சி ஷார்ப் மொழியை அறிவித்தது. ஆக, இவை ஒரே குடும்பத்து மொழிகள். ஒரே குடும்பம் என்பதுதான் தொல்லையும்.

எப்படி என்று கேட்பீர்கள். தமிழில் வெள்ளம் என்றால் பெருக்கெடுத்து ஓடும் நீர். மலையாளத்தில் வெள்ளம் என்றால் குடிக்கும் தண்ணீர். கேரளத்து உணவு விடுதியில் வெள்ளம் வேண்டுமா என்று கேட்டால் நம்மவர் திகைப்பார். அவரே ஜப்பானுக்குச் சென்றிருந்தால் ஒரு சொல்லும் புரியாது, ஆகவே தவறாகப் புரிந்துகொள்ளவும் வழியில்லை, அகராதியைத் தேடுவார். முற்றிலும் அயலான சொல் நம்மை ஏமாற்றுவதில்லை. நமக்குத் தெரிந்ததுபோல் முகம் காட்டும் சொல்லே ஏமாற்றுகிறது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் முதலில் கற்பிக்கப்படும் விதி. மிக நல்ல விதி. ஆனால் இந்த ஒரு துறையில், 'தெரிந்தது' என்று நாம் கருதுவது மெய்யாகவே தெரிந்ததுதானா என்று முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

சொல் வெளிப்படையாக வேறுபடும் இடங்களை விரைவாகக் கடந்துவிடலாம். சேமிப்புக் கணக்கு கணக்கின் வழித்தோன்றல் என்பதை ஜாவா 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்னும் சொல்லால் சொல்லும். சி பிளஸ் பிளஸும் சி ஷார்ப்பும் முக்காற்புள்ளியால் சொல்லும். பைத்தான் தாயின் பெயரை அடைப்புக்குறிக்குள் இடும். ஐஃபெல் மொழியில் 'இன்ஹெரிட்' என்று எழுதுவர். தாயின் செயற்கூற்றை அழைக்க ஜாவாவில் 'சூப்பர்', சி ஷார்ப்பில் 'பேஸ்'. சி பிளஸ் பிளஸில் அதற்குச் சொல்லே கிடையாது. அங்கே ஒரு சேய்க்குப் பல தாயர் இருக்கலாம் ஆதலால், எந்தத் தாய் என்று பெயரைச் சொல்லியே அழைக்க வேண்டும். சேய் கட்டாயம் எழுதித் தீர வேண்டிய செயற்கூற்றைத் தாய் உடல் இல்லாமல் அறிவிப்பதுண்டு. அதை ஜாவாவும் சி ஷார்ப்பும் 'அப்ஸ்ட்ராக்ட்' என்கின்றன. ஐஃபெல் 'டிஃபர்ட்' என்கிறது. சி பிளஸ் பிளஸ் மட்டும் வரியின் இறுதியில் சமக்குறி இட்டுப் பூச்சியம் போடுகிறது. இந்த விந்தையான வழக்குக்குக் காரணம் எளியது. மொழியின் புதிய பதிப்பு வெளியாகும் தறுவாயில் இக்கருத்தைச் சேர்க்க விரும்பிய ஸ்ட்ரூஸ்ட்ரூப், அந்நேரத்தில் புதிய சிறப்புச்சொல் ஒன்றை எவரும் ஏற்கமாட்டார் என்று கருதி, குறியால் ஒப்பேற்றினார். இலக்கணங்கள் எல்லாம் ஆழ்ந்த தத்துவத்தால் பிறந்தவை என்று எண்ணிக்கொண்டிருப்பவர்களுக்கு இது நல்ல மருந்து. இவையெல்லாம் அட்டவணை ஒன்றில் அடங்கிவிடும் வேறுபாடுகள். ஒரு மாலைப் பொழுதில் மனப்பாடம் செய்துவிடலாம்.

அட்டவணையில் அடங்காதவை இரண்டு. சொல்லாமல் விட்ட சொல் ஒன்று. ஒரே உருவில் வரும் வேற்றுச் சொல் மற்றொன்று. முதலாவதைச் சற்று விரிவாகப் பார்ப்போம், ஏனெனில் மாணவர் பலர் இடறுமிடம் அதுதான்.

தமிழ் இலக்கண வகுப்பில் தொகைநிலைத் தொடரைப் படித்திருப்பீர்கள். பாற்குடம், பொற்குடம் என்னும் இரண்டையும் பாருங்கள். இரண்டிலும் ஒரு பெயரை அடுத்துக் குடம் என்னும் சொல் நிற்கிறது. அமைப்பு ஒன்றே. ஆனால் ஒன்று பாலையுடைய குடம், மற்றது பொன்னாலாகிய குடம். உருபும் பயனும் சொல்லில் இல்லை, மறைந்து நிற்கின்றன. தமிழறிந்தவன் அவற்றைத் தானே விரித்துக்கொள்கிறான். வேற்று மொழிக்குப் பெயர்ப்பவன் விரிக்காமல் பெயர்த்தால், பாலால் ஆன குடத்தையும் பொன் நிரம்பிய குடத்தையும் படைத்துவிடுவான்.

இனக்குழு அறிவிப்பும் இத்தகைய தொகையே. 'கிளாஸ்', சேமிப்பு, முக்காற்புள்ளி, கணக்கு என்று ஒரு வரி எழுதுகிறேன். இந்த வரி சி பிளஸ் பிளஸிலும் செல்லும், சி ஷார்ப்பிலும் செல்லும். ஓர் எழுத்துகூட மாறவில்லை. சி ஷார்ப்பில் இது, சேமிப்பு ஒரு வகைக் கணக்கு என்பதை ஊரறியச் சொல்லுகிறது. சி பிளஸ் பிளஸிலோ முக்காற்புள்ளிக்கும் கணக்கு என்னும் பெயருக்கும் இடையில் 'பிரைவேட்' என்னும் சொல் தொக்கி நிற்கிறது. சேமிப்பு தன் தாயை வெளியாருக்கு மறைத்துக்கொள்கிறது. கணக்குகளை வாங்கிக்கொள்ளும் செயற்கூறு ஒன்றிடம் இந்தச் சேமிப்பைக் கொடுத்தால், நிரல்பெயர்ப்பி ஏற்க மறுத்துவிடும். 'பப்ளிக்' என்னும் சொல்லை நாமே இடையில் எழுதினால்தான் ஜாவாவின் 'எக்ஸ்டெண்ட்ஸ்' சொன்ன கருத்து முழுமையாக வரும். இங்கே நல்வாய்ப்பாக நிரல்பெயர்ப்பியே கையைப் பிடித்துத் தடுத்தது. எல்லா இடத்திலும் தடுக்காது.

உறுப்புகளின் அணுகியல்பை எடுத்துக்கொள்ளுங்கள். இருப்புத் தொகைக்கு முன்னால் எந்தச் சொல்லும் எழுதாமல் விட்டால் என்ன கருத்து? சி பிளஸ் பிளஸ் இனக்குழுவிலும் சி ஷார்ப்பிலும் அது 'பிரைவேட்'. அவ்வினக்குழுவைத் தவிர வேறெவரும் தொட முடியாது. ஜாவாவில் ஒரே தொகுப்பில், அதாவது 'பேக்கேஜ்' என்னும் ஒரே கூட்டத்தில் உள்ள இனக்குழுக்கள் அனைத்தும் தொடலாம். ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2011இல் அறிவித்த காட்லின் மொழியில் அது 'பப்ளிக்', எல்லாருக்கும் திறந்தது. பூட்டிய வீடு, சுற்றத்தார் மட்டும் நுழையும் வீடு, ஊருக்கே திறந்த சத்திரம் என மூன்று வீடுகள். மூன்றின் வாயிலிலும் பெயர்ப்பலகை இல்லை! பூட்டியிருந்ததைத் திறந்துவிட்டால் நிரல்பெயர்ப்பி ஒன்றும் சொல்லாது. பழைய நிரல் ஓடியபடியே புதிய நிரலும் ஓடும். பின்னொரு நாள் யாரோ ஒருவர், பணம் செலுத்தும் செயற்கூற்றின் வழியே போகாமல், இருப்புத் தொகையை நேரே மாற்றி எழுதும்போதுதான் இழப்புத் தெரியும்.

அதே காட்லின் மொழியில் இன்னொரு தொகையும் உண்டு. ஜாவாவில் ஒன்றும் சொல்லாத இனக்குழுவிலிருந்து எவரும் சேய் உண்டாக்கலாம். வேண்டாமெனில் 'ஃபைனல்' என்று எழுதித் தடுக்க வேண்டும். காட்லினில் ஒன்றும் சொல்லாவிட்டால் தடை. வேண்டுமெனில் 'ஓப்பன்' என்று எழுத வேண்டும். ஒரே மௌனம், ஓரிடத்தில் சம்மதம், மற்றோரிடத்தில் மறுப்பு.

இனி வட்டிக்கு வருவோம். நம் ஜாவா நிரலில் 'கணக்கு' இனக்குழுவின் வட்டிச் செயற்கூறு பூச்சியம் என்று விடையளிக்கிறது; எல்லாக் கணக்குக்கும் வட்டி இல்லையன்றோ? சேமிப்புக் கணக்கு அதே பெயரில் தன் செயற்கூற்றை எழுதிக்கொண்டு, 10,000 ரூபாய் இருப்புக்கு 3 விழுக்காடு வீதம் 300 ரூபாய் என்று தருகிறது. ஆண்டு முடிவில் நிரல் எல்லாக் கணக்குகளையும் ஒரே பட்டியலில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் வட்டி கேட்கிறது. பட்டியலுக்கு அவை அனைத்தும் வெறும் 'கணக்கு'. ஆயினும் ஜாவாவில் கேள்வி எந்தப் பொருளிடம் போகிறதோ அந்தப் பொருளின் விடையே வரும். சேமிப்புக் கணக்கு 300 ரூபாய் என்று சொல்லும்.

இதைச் சொல்லுக்குச் சொல் சி பிளஸ் பிளஸில் பெயர்த்து, பட்டியலில் பொருள்களின் சுட்டுகளையும் முறையாக வைத்துவிட்டோம் என்று கொள்வோம். நிரல்பெயர்ப்பி ஏற்கும். நிரல் ஓடும். அறிக்கை அச்சாகும். அதில் எல்லாருக்கும் வட்டி பூச்சியம். பிழைச்செய்தி ஒன்றும் வாராது. ஏன்? சி பிளஸ் பிளஸில் ஒரு செயற்கூறு சும்மா எழுதப்பட்டிருந்தால், எந்த இனக்குழுவின் பெயரால் அழைத்தோமோ அந்த இனக்குழுவின் செயற்கூறே இயங்கும். பட்டியல் 'கணக்கு' என்று சொன்னது; எனவே கணக்கின் பூச்சியம் வந்தது. பெயரைப் பாராமல் ஆளைப் பார் என்று அம்மொழிக்குச் சொல்வதற்காகத்தான் சிமுலாவிலிருந்து வந்த 'விர்ச்சுவல்' என்னும் சொல் இருக்கிறது. தாயின் வட்டிச் செயற்கூற்றுக்கு முன்னால் அதை எழுதியிருக்க வேண்டும். ஜாவாவில் அச்சொல்லே கிடையாது. பொருளுக்குரிய செயற்கூறுகள், தனியுரிமையும் இறுதியும் அல்லாதவை, எல்லாம் இயல்பாகவே 'விர்ச்சுவல்' ஆகையால் அதை எழுத வேண்டிய தேவையில்லை. மூலத்தில் இல்லாத சொல்லைப் பெயர்ப்பில் எழுதியாக வேண்டும். இல்லையேல் வைப்பாளரின் வட்டி போய்விடும். மூலத்தில் உள்ளவற்றையெல்லாம் பெயர்த்துவிட்டேன் என்று சொல்பவர் வேலையில் பாதியைத்தான் முடித்திருக்கிறார்.

சி ஷார்ப் இவ்விடத்தில் சி பிளஸ் பிளஸின் பக்கம் நிற்கிறது. தாயில் 'விர்ச்சுவல்' என்றும் சேயில் 'ஓவர்ரைடு' என்றும் இருவரும் ஒப்பமிட வேண்டும். சேய் ஒப்பமிடாவிட்டால் எச்சரிக்கையாவது தரும். சி பிளஸ் பிளஸுக்கும் 2011ஆம் ஆண்டுத் தரநிலையில் 'ஓவர்ரைடு' வந்துவிட்டது. ஜாவாவில் 2004 முதலே அதற்கு நிகரான குறிப்பு ஒன்று உண்டு. ஆனால் இவ்விரண்டிலும் அதை எழுதுவது விருப்பத்தைப் பொறுத்தது. விருப்பம் என்று விட்டதை மாணவர் விட்டுவிடுவது இயல்பே. நான் மதிப்பெண் இடுபவனாயிருந்தால் அதை எழுதாத விடைக்கு ஒரு மதிப்பெண் குறைப்பேன்.

மறுதிசையிலும் இதே கணக்குதான். சி பிளஸ் பிளஸில் 'விர்ச்சுவல்' இன்றி எழுதிய செயற்கூற்றை ஜாவாவுக்குக் கொண்டுவரும்போது 'ஃபைனல்' என்று சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால், எந்தச் சேயும் மாற்ற முடியாதிருந்த ஒன்று மாற்றத்தக்கதாகிவிடும். கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் செயற்கூறு அப்படித் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அடுத்து, ஒரே உருவில் வரும் வேற்றுச் சொற்கள். 'புரொடெக்டெட்' என்னும் சொல் இதற்கு நல்ல சான்று. சி பிளஸ் பிளஸிலும் சி ஷார்ப்பிலும் அது, சேய்களுக்கு மட்டும் உரியது என்னும் கருத்தைத் தரும். ஜாவாவில் சேய்களோடு அதே தொகுப்பில் உள்ள பிற இனக்குழுக்களும் தொடலாம். சேய்க்கு மட்டும் என்று சொல்ல ஜாவாவில் சொல்லே இல்லை. 'சீல்ட்' என்பது சி ஷார்ப்பில் எவரும் சேய் உண்டாக்கக்கூடாது என்னும் முழுத்தடை. 2021இல் வெளிவந்த ஜாவாவின் 17ஆம் பதிப்பில் அதே சொல், பெயர் குறிக்கப்பட்டவர் மட்டும் சேய் ஆகலாம் என்னும் அழைப்பிதழ். ஒன்று கதவடைப்பு, மற்றது விருந்தினர் பட்டியல்.

ஜாவாவின் 'ஃபைனல்' என்னும் சொல்லை மாறிக்கு முன்னால் எழுதினால் சி பிளஸ் பிளஸின் 'கான்ஸ்ட்' என்பதற்கு நிகர் என்று பல குறிப்பேடுகளில் எழுதியிருப்பதைக் காணலாம். எண்ணுக்கு அது பொருந்தும். பட்டியலுக்குப் பொருந்தாது. ஜாவாவில் 'ஃபைனல்' என்று குறித்த பட்டியலை வேறு பட்டியலாக மாற்ற முடியாதே தவிர, அதற்குள் பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். சி பிளஸ் பிளஸில் 'கான்ஸ்ட்' என்று குறித்த பட்டியலுக்குள் ஒரு பெயரும் சேர்க்க இயலாது. முன்னது, இந்தப் பலகைக்கு வேறு பெயர் எழுதாதே என்பது. பின்னது, பலகை மாட்டிய அறைக்குள் எதையும் நகர்த்தாதே என்பது.

'ஸ்ட்ரக்ட்' என்னும் சொல்லையும் சொல்லியாக வேண்டும். சி பிளஸ் பிளஸில் அதற்கும் 'கிளாஸ்' என்பதற்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றே: ஒன்றும் சொல்லாவிட்டால் 'ஸ்ட்ரக்ட்' திறந்தது, 'கிளாஸ்' மூடியது. சி ஷார்ப்பில் வேறுபாடு அடிப்படையானது. அங்கே 'கிளாஸ்' வகைப் பொருளை இன்னொரு மாறிக்கு இட்டால் இரு பெயரும் ஒரே பொருளைச் சுட்டும். 'ஸ்ட்ரக்ட்' வகையை இட்டால் தனிப்படி ஒன்று உண்டாகும். பெற்றோர் இருவரும் ஒரே சேமிப்புப் புத்தகத்தை வைத்திருப்பதற்கும், ஆளுக்கொரு நகல் எடுத்து வைத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. நகலில் எழுதிய வரவு மூலத்தில் ஏறாது. இதே காரணத்தால்தான் சி பிளஸ் பிளஸில் 'கணக்கு' வகை மாறிக்குச் சேமிப்புக் கணக்கை நேரே இட்டால், சேமிப்புக்கே உரிய பகுதி வெட்டப்பட்டுத் தாயின் பகுதி மட்டும் நகலாகிறது. 'விர்ச்சுவல்' எழுதியிருந்தாலும் அப்போது பயனில்லை. கேட்பதற்கு அங்கே சேமிப்புக் கணக்கே இல்லை. முன்னர்ச் சுட்டுகளை வைத்துவிட்டோம் என்று நான் அழுத்திச் சொன்னது இதனால்தான்.

குறியிலும் இந்த ஏமாற்றம் உண்டு. பெயருக்கு முன் அலைக்குறி இட்டு எழுதுவது சி பிளஸ் பிளஸில் அழிப்பி. செயற்கூற்றுக்குள் உண்டான பொருள், அந்தத் தொகுதி முடிந்த கணமே அழிப்பியை இயக்கும். திறந்த கோப்பை அதில் மூடிவிடலாம், நேரம் தவறாது. சி ஷார்ப்பிலும் அதே அலைக்குறி, அதே இடம். ஆனால் அதை இயக்குவது நினைவகத்தைத் துப்புரவு செய்யும் ஏற்பாடு. அது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. கோப்பு அதுவரை திறந்தே கிடக்கும். அங்கே கோப்பை மூட 'யூசிங்' என்னும் வேறு வழி இருக்கிறது.

நம் மேல்நிலை மாணவர்களுக்கு இவை எட்டத்துச் செய்திகள் அல்ல. தமிழ்நாட்டில் 2018இல் வந்த பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் சி பிளஸ் பிளஸையும், 2019இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல் பைத்தானையும் கற்பித்தன. முதலாண்டில் கற்ற இனக்குழுவை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாமாண்டில் பைத்தான் எழுதும் மாணவர், கேட்காமலே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுகிறார். அவருக்காக ஒரு சான்று.

'மாணவர்' என்னும் இனக்குழு. சி பிளஸ் பிளஸில் அதன் உடலுக்குள் மதிப்பெண் பட்டியல் ஒன்றை அறிவித்தால், ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனிப் பட்டியல் கிடைக்கும். அதே பழக்கத்தில் பைத்தானிலும் இனக்குழுவின் உடலுக்குள், செயற்கூறுகளுக்கு வெளியே, மதிப்பெண்கள் என்று வெற்றுப் பட்டியல் ஒன்றை எழுதிவிடுகிறார். பிறகு முதல் மாணவியின் பட்டியலில் 90 சேர்க்கிறார். இரண்டாம் மாணவரின் பட்டியலைத் திறந்தால் அங்கேயும் 90! பைத்தானில் அவ்விடத்தில் எழுதுவது இனக்குழு முழுமைக்கும் பொதுச் சொத்து; சி பிளஸ் பிளஸில் 'ஸ்டேட்டிக்' என்று எழுதினால் வரும் கருத்து அது. ஆளுக்கொரு பட்டியல் வேண்டுமெனில் ஆக்கியின் உள்ளே, 'செல்ஃப்' என்னும் பெயரோடு சேர்த்து உண்டாக்க வேண்டும். இதில் ஒரு நுட்பம் உண்டு. பட்டியலுக்குப் பதிலாக மொத்தம் என்னும் எண்ணை அங்கே எழுதி, பிறகு 'செல்ஃப்' வழியாக அதற்குப் புதிய மதிப்பை இட்டால், அம்மாணவருக்கென்று தனி எண் ஒன்று அப்போதே உண்டாகிவிடும், பிழை தெரியாது. எண்களை வைத்துப் பழகியவர் பட்டியலுக்கு வரும்போது ஏன் இப்படி ஆயிற்று என்று விழிப்பதன் காரணம் இதுவே.

ஆக்கியிலும் பைத்தானின் மௌனம் வேறு. சி பிளஸ் பிளஸிலும் ஜாவாவிலும் சேயின் ஆக்கி தொடங்குமுன், நாம் கேட்காமலே தாயின் அளபுருக்களற்ற ஆக்கி இயங்கிவிடும். பைத்தானில் சேய் தனக்கென ஆக்கி எழுதிக்கொண்டால், 'சூப்பர்' என்று சொல்லி நாமே அழைத்தாலன்றித் தாயின் ஆக்கி இயங்காது. கணக்கு எண்ணைத் தாயின் ஆக்கி உண்டாக்கும் என்று நம்பியிருந்தால், சேமிப்புக் கணக்குக்கு எண்ணே இராது.

இக்காலத்தில் மொழிமாற்றித் தரும் கருவிகள் பல வந்திருக்கின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் ஜாவா இனக்குழுவைக் கொடுத்துச் சி பிளஸ் பிளஸில் கேட்டால் நொடியில் எழுதித் தரும். 'விர்ச்சுவல்' என்னும் சொல்லையும் பெரும்பாலும் தானே சேர்த்துவிடும். நல்ல உதவிதான், மறுக்கவில்லை. ஆயினும் அந்தச் சொல் அங்கே ஏன் நிற்கிறது என்று தெரியாதவர், அது விடுபட்டபோது விடுபட்டது என்றும் அறியார்.

வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ நீங்களே செய்து பார்க்கத்தக்க ஒரு சோதனையைச் சொல்லுகிறேன். பத்துப் பதினைந்து வரிகள் போதும். 'கணக்கு' என்னும் இனக்குழு; அதில் தன் பெயரை அச்சிடும் செயற்கூறு ஒன்று, கணக்கு என்று அச்சிடட்டும். 'சேமிப்பு' என்னும் சேய். அதே செயற்கூறு அங்கே சேமிப்பு என்று அச்சிடட்டும். சி பிளஸ் பிளஸில் 'விர்ச்சுவல்' எழுத மறவாதீர்கள். இனித் தாயின் ஆக்கிக்குள்ளிருந்து அந்தச் செயற்கூற்றை அழையுங்கள். பிறகு சேமிப்புப் பொருள் ஒன்றை உண்டாக்குங்கள். இரு மொழியிலும் அறிவிப்பு வரிகள் ஒன்றுக்கொன்று சரியாகவே பெயர்க்கப்பட்டவை; தொக்கி நின்ற சொற்களும் விரிக்கப்பட்டுவிட்டன. ஜாவாவில் ஓட்டினால் சேமிப்பு என்று அச்சாகும். சேயின் ஆக்கி இன்னும் தொடங்கவில்லை, அதன் தரவுகள் நிரப்பப்படவில்லை. ஆனாலும் சேயின் செயற்கூறே இயங்கும். சி பிளஸ் பிளஸில் ஓட்டினால் கணக்கு என்று அச்சாகும். தாய் உருவாகிக்கொண்டிருக்கும் வரையில் அப்பொருள் தாய்தான். சேய் இன்னும் பிறக்கவில்லை என்பது அம்மொழியின் கணக்கு. இரண்டையும் ஓட்டி, வந்த விடைகளை அருகருகே எழுதி வையுங்கள். சி ஷார்ப்பிலும் பைத்தானிலும் என்ன வரும் என்பதை ஓட்டுமுன் ஊகித்து எழுதிவிட்டுப் பிறகு ஓட்டிப் பாருங்கள்.